சிகுசா நகயோ தோற்றது நடிப்பா?

இங்கே ஒருவர் கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். ஜப்பானின் பெண் மல்யுத்த வீராங்கனை டம்ப் மட்சுமோட்டோவின் வாழ்க்கையைத் தழுவி 2024 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான தொடரை அவர் பார்த்திருக்கிறார். அதில் 1985ஆம் ஆண்டு ஆட்டத்தில் மட்சுமோட்டோவிடம் மற்றொரு வீராங்கனையான சிகுசா நகயோ தோற்று, மேடையிலேயே தலைமுடி மழிக்கப்படும் காட்சி அவரை உலுக்கியிருக்கிறது. பிறகு ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்றால் அரங்கத்துப் பெண்பிள்ளைகள் ஏன் அப்படிக் கதறினார்கள்? ஒற்றையர் பட்டத்தை ஓராண்டுகூடத் தக்கவைக்காத ஒருவரை ஏன் அத்துறையின் தலையாய பெயர்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்? அவர் இப்போது என்ன செய்கிறார்? முதலிரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: வெற்றி தோல்வி முன்பே தீர்மானிக்கப்படும் ஒரு கலையில், ஒருவரின் திறமையை எந்த அளவுகோலால் அளப்பது?

பதில் சொல்லும் முன் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். நான் ஜூடோ கற்பிப்பவன். பல ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்கு வீழ்வதையும் வீழ்த்துவதையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தொழில்முறை மல்யுத்த மேடையில் நான் ஏறியதில்லை. ஜப்பானிய மொழியைச் சரளமாகப் படிக்கவும் என்னால் இயலாது. ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளும், வீராங்கனைகள் பிற்காலத்தில் அளித்த நேர்காணல்களின் மொழிபெயர்ப்புகளுமே எனக்கு ஆதாரம். ஆகவே உடல் என்ன செய்கிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். திரைக்குப் பின்னால் நடந்தவற்றை, அவர்கள் சொன்னதாக மட்டுமே சொல்வேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது பொதுவாக முன்பே முடிவாகிவிடும். ஆனால் வீழ்ச்சியை யாராலும் முன்பே பேசி வைக்க முடியாது. தலைக்கு மேல் தூக்கப்பட்ட உடல் எந்தக் கதைக்காகக் கீழே வந்தாலும் அதே எடையோடும் அதே வேகத்தோடும்தான் வரும். மேடை என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய விரிப்பு, அதன்மேல் கித்தான், அவ்வளவுதான். அங்கே உயிரோடு எழுந்திருக்க, முகவாயை மார்போடு ஒட்டி வைக்க வேண்டும். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கைகள் தரையை அறைந்து அதிர்வைப் பங்கிட வேண்டும். அந்தக் கணத்தில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஜூடோவிலும் இதுதான் முதல் பாடம். என் மாணவியர் பயிற்சியில் வீழும்போது, எதிராளி அவர்களின் கைச்சட்டையைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறாள். மல்யுத்த மேடையில் அந்தத் தயவு பல சமயம் இருப்பதில்லை. 1997 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் நடந்த ஆட்டத்தில் தூக்கி வீழ்த்தப்பட்ட பிளம் மரிக்கோ என்ற வீராங்கனை நினைவிழந்து மறுநாள் இறந்துபோனார். அந்த ஆட்டமும் எழுதி வைத்த ஆட்டம்தான்.

நகயோ வளர்ந்த அமைப்பையும் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். 1968இல் மட்சுனாகா சகோதரர்கள் தொடங்கிய அனைத்து ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனம், ஃபுஜி தொலைக்காட்சியின் துணையோடு ஊர் ஊராகச் சென்று ஆட்டம் நடத்தியது. 1970களின் பிற்பாதியில் ஜாக்கி சாட்டோ, மாக்கி உவேடா இருவரும் ‘பியூட்டி பேர்’ என்ற இணையாக மேடையில் பாடியும் சண்டையிட்டும் புகழடைந்தபோது, அதுவரை ஆண்கள் நிரம்பியிருந்த இருக்கைகளில் பள்ளி மாணவியர் வந்து அமர்ந்தார்கள். நிறுவனத்தின் விதிகள் கடுமையானவை. மது, புகை, ஆண் நட்பு மூன்றும் கூடாது. இருபத்தைந்து வயதை ஒட்டி ஓய்வுபெற்றுவிட வேண்டும். பதினைந்து, பதினாறு வயதில் சேர்த்து, பத்தாண்டுக்குள் வெளியே அனுப்பிவிடும் ஏற்பாடு அது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பேருந்துப் பயணமும் ஆட்டமுமாகவே கழிந்தன.

இந்த நிறுவனத்தைப் பற்றி உறுதிக்கும் ஐயத்துக்கும் நடுவே நிற்கும் செய்தி ஒன்று உண்டு. இளம் வீராங்கனைகளின் ஆட்டங்களில், ஒரு கட்டத்துக்குப் பிறகு யார் யாரை உண்மையிலேயே தரையில் அழுத்திப் பிடிக்கிறாரோ அவரே வென்றவர் என்ற வழக்கம் இருந்ததாக ஓய்வுபெற்ற பலர் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியே ஒரே செய்தியைச் சொல்வதால் அந்த வழக்கம் இருந்தது என்றே நம்புகிறேன். எந்தெந்த ஆட்டம் அவ்வாறு முடிந்தது என்று ஒளிப்பதிவை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அழுத்தப்பட்டவர் மெய்யாகவே எழ முயல்கிறாரா என்பதைப் பயிற்றுநருக்கே காணொளியில் கண்டுபிடிப்பது கடினம். ஆக, ‘எல்லாமே பேசி வைத்தது’ என்ற வாக்கியமும் இந்த நிறுவனத்துக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை.

சிகுசா நகயோ 1964 டிசம்பரில் நாகசாகி மாவட்டத்தின் ஓமுரா நகரில் பிறந்தார். தந்தை விசைப்படகுப் பந்தய வீரராக இருந்தவர். சிறு வயதிலேயே கராத்தே கற்ற பெண். 1980 ஆகஸ்டில், பதினாறு வயது நிறையும் முன்பே மேடை ஏறினார். தொடக்க ஆண்டுகள் சோர்வானவை. காயங்களும் தோல்விகளுமாகப் போயின. நிறுவனம் அவரைப் பெரிய நம்பிக்கையாகக் கருதவில்லை. அதே 1980இல் அறிமுகமான லயனஸ் அசுகாவோ உடல்வலுவும் வேகமும் உள்ளவர், ஆனால் பார்ப்பவரின் மனத்தைத் தொடவில்லை என்று குறை சொல்லப்பட்டவர். 1983 தொடக்கத்தில் இருவரும் மோதிய ஓர் ஆட்டம் இருவரின் தலையெழுத்தையும் மாற்றியது. வேலையை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்ததாகவும், போவதற்கு முன் ஒருமுறையாவது மனத்தில் உள்ளபடி அடித்து உதைத்து ஆடிவிட வேண்டும் என்று அசுகாவிடம் கேட்டுக்கொண்டதாகவும் நகயோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த உரையாடலுக்கு அவர்கள் இருவரும்தான் சாட்சி. அந்த ஆண்டே இருவரும் ‘கிரஷ் கேல்ஸ்’ என்ற இணையாக்கப்பட்டார்கள் என்பதும், அன்றைய ஆண்கள் மல்யுத்தத்தில் பரவிக்கொண்டிருந்த கடுமையான உதைப் பாணியைப் பெண்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு.

1984 ஆகஸ்டில் அவர்களின் முதல் இசைத்தட்டு வந்தது; அதே மாதம் உலக இணையர் பட்டத்தையும் வென்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி மாணவியரிடையே அவர்களுக்கு இருந்த செல்வாக்கை, அந்நாளைய சினிமா நட்சத்திரங்களுக்கு இருந்த செல்வாக்கோடுதான் ஒப்பிட முடியும். வண்ணக் காகிதச் சுருள்கள் நாலாபுறமிருந்தும் மேடையை மூடும்; அவற்றை வாரி அள்ளிய பிறகே மணி அடிக்கும். அந்தக் கூச்சல் முழுக்க முழுக்கப் பெண் குரல். ஒளிப்பதிவு பார்ப்பவர் இதை முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்.

இனி அளவுகோலுக்கு வருகிறேன். அசுகா தாக்கும்போது அழகானவர். நகயோ தாக்கப்படும்போது ஈடு இணையற்றவர். இதை மேலோட்டமாகச் சொல்லவில்லை. ஒரு வீழ்ச்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வீழ்ந்த கணத்தில் முகவாய் மார்போடு ஒட்டியிருக்கிறது, கை தரையை அறைகிறது; அதுவரை அது பயிற்சி. அடுத்த கணத்தில் அந்த ஒழுங்கு முழுவதையும் கலைத்துவிடுகிறார். கழுத்து தளர்கிறது, ஒரு கால் மட்டும் தன் போக்கில் மடங்குகிறது, கண்கள் எதிராளியை விட்டுவிட்டுக் கூட்டத்தை நோக்கித் திரும்புகின்றன. பிறகு தன் மூலையில் கை நீட்டிக் காத்திருக்கும் அசுகாவை நோக்கி ஊர்கிறார். இணையர் ஆட்டத்தில் கையைத் தொட்டால்தான் அசுகா அவருக்குப் பதிலாக உள்ளே வர முடியும். விரல்கள் தொடப்போகும் நேரத்தில் எதிராளி காலைப் பிடித்து இழுக்கிறார். அந்த ஒரு சாண் இடைவெளியில் அரங்கமே எழுந்து நின்றுவிடுகிறது. உண்மையில் அடிபட்ட உடல் தன் வலியை உள்ளே இழுத்துக்கொள்ளவே முயலும். என் கூடத்தில் நான் நாள்தோறும் காண்பது அதுதான். நகயோ வலியை வெளியே கொண்டுவந்து, கடைசி வரிசையில் இருக்கும் பதினான்கு வயதுப் பெண்ணும் படிக்கும்படி வைத்தார். உடலைக் காத்துக்கொண்டே காவலற்றதாகக் காட்டும் இந்தத் திறமைக்குப் புள்ளிப் பட்டியல் கிடையாது. நான் பார்த்தவர்களில் இதில் அவரை விஞ்சியவர் இல்லை.

அந்தத் திறமைக்குச் சரியான எதிராளி வேண்டியிருந்தது. டம்ப் மட்சுமோட்டோவும் 1980இல் அறிமுகமானவர். மூவரும் ஒரே காலத்தில் பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள். 1984இல் அவர் முகத்தில் சாயம் பூசி, சங்கிலியும் மூங்கில் வாளுமாக, ‘கொடியோர் கூட்டணி’ என்று பொருள்படும் பெயரில் ஓர் அணி அமைத்து வில்லியானார். அவர் பக்கம் சாய்ந்து தீர்ப்பளிக்கும் நடுவர் ஒருவரும் உண்டு. முறையிட இடமில்லாத ஒரு சிறு உலகத்தில் அநீதி நடப்பதைப் பார்க்கும் மாணவியருக்கு, தங்கள் பள்ளியும் வீடும் நினைவுக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம். வெறுப்பு மேடையோடு நிற்கவில்லை. தன் வாகனமும் தன் பெற்றோர் வீடும் தாக்கப்பட்டதை மட்சுமோட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1985 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஒசாகா கோட்டை அரங்கத்தில், தோற்பவர் தலைமுடியை இழக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இருவரும் மோதினார்கள். நகயோவின் நெற்றி கிழிக்கப்பட்டது; முகத்தில் ரத்தம் வழிந்தது; இறுதியில் அவர் தோற்றார். மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கத்தரியாலும் கருவியாலும் முடியை மழித்தார்கள். காப்பாற்ற வந்த அசுகா தடுக்கப்பட்டார். அரங்கத்தில் எழுந்த ஓலத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அதில் எது உண்மை என்று நீங்கள் கேட்டால்: ரத்தம் உண்மை, முடி உண்மை, அழுகை உண்மை. வென்றவர் யார் என்பதை நிறுவனம் முன்பே முடிவு செய்திருக்கும் என்பது இந்தத் தொழிலின் நடைமுறையைக் கொண்டு நான் செய்யும் முடிவு. அந்நாளில் நிறுவனம் இதைப் பற்றி வெளியே பேசுவதில்லை. இன்று நாம் கேட்பவை எல்லாம் பத்தாண்டுகள் கடந்து சொல்லப்பட்ட நினைவுகள். ஆனால் இருபது வயதுப் பெண் ஒருத்தி, தன்னை நாயகியாகக் கொண்டாடும் ஆயிரக்கணக்கான மாணவியர் முன்னால் ரத்தம் வழியத் தலையைக் குனிந்துகொடுக்கச் சம்மதித்ததை நடிப்பு என்ற ஒரு சொல்லில் அடக்க என் மனம் ஒப்பவில்லை. 1986 நவம்பரில் அதே ஒசாகா அரங்கத்தில் நடந்த மறு ஆட்டத்தில் நகயோ வென்றார். மட்சுமோட்டோவின் தலை மழிக்கப்பட்டது. இன்று மக்கள் பேசுவது முதல் ஆட்டத்தைப் பற்றித்தான். தோல்வியைச் சுமக்கத் தெரிந்தவர் யார் என்பதை அந்த ஆட்டமே காட்டியது.

பட்டங்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நிறுவனத்தின் உயரிய ஒற்றையர் பட்டத்தை 1987 அக்டோபரில் யுகாரி ஓமோரியை வீழ்த்தி வென்றார். ஓராண்டு நிறைவதற்குள் அது கைவிட்டுப் போனது. 1989 மே 6ஆம் நாள் யோகோஹாமா அரீனாவில் ஓய்வுபெற்றபோது வயது இருபத்து நான்கு. அசுகாவும் அந்த ஆண்டே விடைபெற்றார். அந்த வயது விதியை நான் கொடுமை என்றே சொல்வேன். வீழும் கலையில் உடல் உண்மையாகத் தேர்ச்சி பெறுவது இருபத்தைந்துக்குப் பிறகுதான். அப்போது பார்த்து வீராங்கனையை வெளியே அனுப்புவது, கூட்டத்துக்கு எப்போதும் புதுமுகம் காட்ட வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு. அதற்குள் அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை மேடைக்கு வந்துவிட்டிருந்தது. நகயோவின் ரசிகையாக இருந்து 1986இல் மேடை ஏறிய அஜா காங், மட்சுமோட்டோவின் அணியில் வில்லியாகச் சேர்க்கப்பட்டு, 1992இல் அதே ஒற்றையர் பட்டத்தை வென்றார். தான் தோற்ற ஆட்டங்கள் வழியாகவே ஒரு தலைமுறையை ஈர்த்தவர் என்பது, நகயோவுக்குப் பட்டங்களைவிடப் பொருத்தமான அளவுகோல்.

ஓய்வுக்குப் பின் நாடக மேடையில் நடித்தார். 1993இல் மல்யுத்தத்துக்குத் திரும்பினார். அதன்பின் சொந்தமாக ‘கயா ஜப்பான்’ நிறுவனத்தை அமைத்து, 1995 ஏப்ரல் 15 அன்று தோக்கியோவின் கொராகுவென் அரங்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். மற்ற நிறுவனங்களின் நட்சத்திரங்களை நம்பாமல், தானே பயிற்றுவித்த புதிய பெண்களை முதல் நாளே மேடை ஏற்றினார். அவர்களில் ஒருவர், ஜூடோ பின்னணியோடு வந்த பதினைந்து வயது மெய்கோ சடோமுரா. அவர் பின்னர் செண்டாயில் சொந்த நிறுவனம் நடத்தினார். 2021இல் பிரித்தானியாவில் இயங்கிய டபிள்யூடபிள்யூஇ கிளையின் பெண்கள் பட்டத்தை வென்றார். 2025 ஏப்ரலில் அதே கொராகுவென் அரங்கத்தில் ஓய்வுபெற்றார். முப்பதாண்டு காலம். நகயோவுக்கு மறுக்கப்பட்ட ஆண்டுகளை அவர் மாணவி வாழ்ந்து காட்டினார்.

ஆனால் ஆசிரியராக நகயோவைப் பாராட்ட மட்டும் என்னால் முடியாது. கிம் லாங்கினாட்டோவும் ஜானோ வில்லியம்ஸும் இயக்கி 2000இல் வெளிவந்த ‘கயா கேர்ள்ஸ்’ ஆவணப்படம் அவருடைய பயிற்சிக் கூடத்தை அருகிருந்து காட்டுகிறது. தேர்வில் தயங்கும் ஒரு பயிற்சிப் பெண்ணை அவர் எல்லார் முன்னிலையிலும் கடிந்து, முகத்தில் அறைகிறார். அந்தப் பெண் வாயில் ரத்தத்தோடு எழுந்து நிற்கிறாள். தான் கற்ற முறையிலேயே கற்பித்தார் என்று சிலர் வாதிடுவார்கள். மேடையில் உயிரைக் காக்க இந்தக் கடுமை தேவை என்றும் சொல்வார்கள். அந்தத் துறையின் வரலாறு தெரிந்துதான் நான் இதை மறுக்கிறேன். களைப்பிலும் அச்சத்திலும் இருக்கும் மாணவியின் கழுத்துத் தசை இறுகிவிடும்; முகவாய் தக்க நேரத்தில் உள்ளே போகாது. அடித்துக் கற்பிப்பதால் வீழ்ச்சி பாதுகாப்பாவதில்லை, ஆபத்தாகிறது. அந்தக் கூடத்திலிருந்து சடோமுரா போன்ற சிறந்தவர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. அது அந்த அறைகளால் வந்த பயன் என்பதற்குச் சான்று இல்லை. படத்தில் நகயோவின் கண்டிப்புக்குள் பரிவும் இருப்பதைக் காண்கிறேன். பரிவு இருந்ததால் அந்த அடி சரியாகிவிடாது.

கயாவில் 1990களின் இறுதியில், மல்யுத்தத்துக்குத் திரும்பியிருந்த அசுகா எதிரியாக வந்து மோதி, 2000இல் ‘கிரஷ் 2000’ என்ற பெயரில் இருவரும் மீண்டும் இணைந்தார்கள். 2005 ஏப்ரலில் கயா மூடப்பட்டது. அதே மாதம் பழைய அனைத்து ஜப்பான் நிறுவனமும் மூடப்பட்டது. நகயோ ‘மார்வெலஸ்’ என்ற இன்னொரு நிறுவனத்தை அமைத்தார். 2016 முதல் அது தொடர்ந்து நிகழ்ச்சிகள் நடத்திவருகிறது. தகுமி இரோஹா அதன் முன்னணி வீராங்கனை. 2018இல் சப்போரோ நகரில், மனைவியை அடித்துக்கொண்டிருந்த ஒருவனைத் தடுக்கப் போய்த் தானே தாக்கப்பட்டபோதும் நகயோ திருப்பி அடிக்கவில்லை. பயிற்சி பெற்றவர் பொதுமக்களில் ஒருவரை அடிக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி நீங்கள் பார்த்த தொடரிலேயே இருக்கிறது. அதில் மல்யுத்தக் காட்சிகளை மேற்பார்வையிட்டு நடிகையருக்குப் பயிற்சி தந்தவர் நகயோவே. அவராக நடித்த எரிகா கரட்டா அந்தக் காட்சிக்காக உண்மையிலேயே முடியை மழித்துக்கொண்டார். அடுத்து மெய்யான ஆட்டங்களைப் பார்க்க விரும்பினால், ஒசாகா ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். முதலில் 1984 ஆகஸ்ட் இணையர் பட்ட ஆட்டத்தைப் பாருங்கள். நகயோ தன் மூலையை நோக்கி ஊரும் இடங்களில் மேடையைவிடக் கூட்டத்தைக் கவனியுங்கள். அதன் பிறகு 1985, பிறகு 1986 என்று போனால், அந்த மாணவியர் யாருக்காக அழுதார்கள் என்பது எவரும் சொல்லாமலே விளங்கும்.